வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்த குளோரின்? முதலில் போர் தண்ணீரைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் ஏப்ரல் கடைசியில் ஆண்டுதோறும் நடக்கும் கூத்து இது. டெஸ்ட் கிட்டில் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) என்று நன்றாகவே காட்டும். ஆனால் படிக்கட்டு ஓரத்தைக் கையால் தடவினால் வழுவழுக்கும். நாலாம் நாள் தண்ணீர் பச்சை. பராமரிக்க வருபவர் டேப்லெட்டாகவும் பவுடராகவும் விற்கும் குளோரின் மருந்தான டிசிசிஏவை இரண்டு கை அள்ளி வீசிவிட்டுப் போவார். இரண்டு நாள் தெளியும், மறுபடியும் பச்சை. பிறகு மயில்துத்தம், அதற்கும் மசியாவிட்டால் கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு பாசி மருந்து. கடைசியில் பிராண்ட் சரியில்லை என்று வேறு கம்பெனி டிரம் வாங்குவார்கள். அதற்குள் இருப்பதும் அதே டிசிசிஏதான்.

கிட் பொய் சொல்லவில்லை. குளோரின் இருக்கிறது, வேலை செய்யும் நிலையில்தான் இல்லை. மாதக்கணக்கில் போட்ட டேப்லெட்டும் பவுடரும் குளத்தில் சயனூரிக் அமிலத்தை 150 பிபிஎம் வரை ஏற்றிவிட்டன. அந்த அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு விட மறுக்கிறது.

கடையில் பத்துப் பெயரில் விற்றாலும், தண்ணீரில் விழுந்ததும் எல்லா குளோரினும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகத்தான் மாறுகிறது. கிருமியைக் கொல்வதும் பாசியைத் தடுப்பதும் அதுதான். இந்த முறையில் குளோரின் வீரியம், அந்த முறையில் மிருது என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. உண்மையான வித்தியாசம் எச்சத்தில் இருக்கிறது. டிசிசிஏ சயனூரிக் அமிலத்தை விட்டுச்செல்கிறது, கால்சியம் ஹைப்போகுளோரைட் சுண்ணாம்பை, திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) சமையல் உப்பை. உங்கள் தண்ணீர் இந்த மூன்றில் எதைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

இனி வரும் கணக்கெல்லாம் ஒரே குளத்துக்கு: 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம். கொள்ளளவு சுமார் 45,000 லிட்டர். இதில் 1 பிபிஎம் குளோரின் ஏற 45 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் 450 மில்லி, டிசிசிஏ 90 என்றால் 50 கிராம், 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 70 கிராம், ப்ளீச்சிங் பவுடர் என்றால் 135 கிராம். திறந்தவெளிக் குளத்தில், கோடையில், ஸ்டெபிலைசர் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம்) சரியாக இருந்தாலும் ஒரு நாளைக்கு 2 முதல் 4 பிபிஎம் வரை வெயிலிலும் குளிப்பவர்களாலும் போய்விடும். நாம் 3 என்று வைத்துக்கொள்வோம். அதாவது தினமும் 135 கிராம் குளோரின்.

வெயிலும் ஸ்டெபிலைசரும்

சயனூரிக் அமிலத்தை வில்லனாக்கிப் பேசிவிட்டேன். அது இல்லாமலும் நம் ஊரில் ஆகாது. பாதுகாப்பில்லாத குளோரினை உச்சி வெயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் பாதியாக்கிவிடும். காலையில் 4 பிபிஎம் ஊற்றினால் பிற்பகலில் பிள்ளைகள் குதிக்கும்போது ஒன்றுமே இருக்காது. 30 முதல் 50 பிபிஎம் சயனூரிக் அமிலம் இருந்தால் குளோரின் நாள் முழுக்கத் தாங்கும். ஸ்டெபிலைசர் என்று விற்பது இதைத்தான்.

ஆனால் அதற்கு மேல் ஏற ஏறக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு குறைவு, கிருமியையும் பாசியையும் கொல்லும் வேகத்தில் இழப்பது அதிகம். பாசி வராமலிருக்க, சயனூரிக் அமிலத்தின் அளவில் 7.5 சதவீதமாவது தனிக் குளோரின் (வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து வீணாகாதது) எப்போதும் இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் ஒத்துவரும் கணக்கு. அமிலம் 40 என்றால் 3 பிபிஎம். 80 என்றால் 6. 150 என்றால் 11-க்கு மேல். முதலில் சொன்ன குளத்தில் 150-க்கு 3, வெறும் 2 சதவீதம். பச்சையாகாமல் என்ன செய்யும்?

பிஎச் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் பிஎச் 7.2-இல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வீரியமான வடிவில் இருக்கும். 7.5-இல் பாதி, 8-இல் நாலில் ஒரு பங்கு. ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை. ஆகவே பிஎச் 7.8 என்றால் பதற வேண்டாம். 8-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு படியும், கண் எரியும். ஆசிட் ஊற்ற வேண்டிய காரணம் அதுதான். நம் குளத்தில் 8-இலிருந்து 7.5-க்கு இறக்க, 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய அரை லிட்டர் பிடிக்கும். பாதியை ஊற்றி, பம்பை ஒரு மணி நேரம் ஓட்டி, அளந்து பார்த்துவிட்டு மீதியை ஊற்றுங்கள்.

கூரை போட்ட குளம், தரைத்தளத்தில் வீட்டுக்குள் இருக்கும் குளம் ஆகியவற்றுக்கு ஸ்டெபிலைசர் அனேகமாகத் தேவையே இல்லை. அங்கே டிசிசிஏ போடுவது, வெயிலே படாத செடிக்குக் குடை பிடிப்பது போல.

டிசிசிஏ: வசதி உண்டு, வட்டியும் உண்டு

டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். 90 சதவீத குளோரின், கெடாது, தூக்கிச் செல்ல எளிது, மிதவையில் 200 கிராம் டேப்லெட்டைப் போட்டால் நாலைந்து நாள் கரையும். வாரம் ஒருமுறை மட்டும் ஆள் வரும் வீட்டுக்கு இதைவிட வசதியானது இல்லை. அதனால்தான் எல்லோரும் இதில் போய் விழுகிறார்கள்.

டிசிசிஏ வழியாக 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் ஏறும். தினம் 3 பிபிஎம், மாதம் 90 பிபிஎம். டிசிசிஏ நாலரைக் கிலோ. அமிலம் ஒரே மாதத்தில் 50 பிபிஎம்முக்கு மேல் கூடிவிட்டது. குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. வெயிலில் ஆவியாகாது, சேண்ட் ஃபில்டரில் நிற்காது, பாசி மருந்துக்கும் அசையாது. குளத்திலிருந்து தண்ணீர் வெளியே போனால் மட்டுமே போகும். வாராந்தர பேக்வாஷில் (ஃபில்டரைத் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) போவது மாதம் 2,000 லிட்டர் அளவுதான், நூற்றுக்கு ஐந்து கூட முழுதாக வராது.

டிசிசிஏ அமிலத்தன்மையும் கொண்டது. டேப்லெட்டைச் சுற்றியுள்ள தண்ணீரின் பிஎச் 3-ஐ ஒட்டி இருக்கும். காரமான போர் தண்ணீரில் இது ஒரு விதத்தில் நல்லதுதான், தனியாக ஆசிட் ஊற்றும் வேலை குறையும். ஆனால் டேப்லெட்டை ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை உறிஞ்சும் வாய்) கூடைக்குள் போடும் பழக்கம் மோசமானது. பம்ப் நின்ற பிறகும் டேப்லெட் கரைந்துகொண்டே இருக்கும். அந்தக் கெட்டியான அமிலத் தண்ணீர் குழாயில் தேங்கி, காலையில் பம்ப் ஓடியதும் அப்படியே பம்ப் சீல், ஹீட்டர் என்று உள்ளே பாயும். மிதவையை நடுக்குளத்தில் கயிற்றில் கட்டி நிறுத்துங்கள். விட்டுவிட்டால் காற்றுக்கு ஒதுங்கிப் படிக்கட்டு மூலையில் நின்று, டைல்ஸ் இடுக்கின் பூச்சை அரித்து வெளுத்துவிடும். பவுடரை அள்ளி வீசினாலும் தரையில் இதே கதி.

டைகுளோர் என்று வெள்ளைக் குருணையாக வருவது உடனே கரையும், பிஎச்சைப் பெரிதாக அசைக்காது. ஆனால் 10 பிபிஎம் குளோரினுக்கு 9 பிபிஎம் சயனூரிக் அமிலம். தினசரிக்கு லாயக்கில்லை.

ஆவியாவது நல்ல தண்ணீர், நிரப்புவது போர் தண்ணீர்

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு மாறுகிறது. மழை அதிகமுள்ள குளிர் நாடுகளுக்காக எழுதிய பராமரிப்புப் புத்தகங்கள் இங்கே கைவிட்டுவிடும்.

கோடையில் குளத்தின் மேற்பரப்பிலிருந்து நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 32 சதுர மீட்டர் பரப்புக்குத் தினம் 190 லிட்டர் சொச்சம், மாதம் 5,700 லிட்டருக்கு மேல். ஆவியாகிப் போவது சுத்தமான தண்ணீர் மட்டுமே. அதற்குப் பதிலாக 600 பிபிஎம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரை விட்டால், குளத்தின் கடினத்தன்மை மாதம் 75 பிபிஎம் ஏறும். குளோரினே போடாமல் இவ்வளவு.

இதன் மேல் கால்சியம் ஹைப்போகுளோரைட்டை வையுங்கள். 65 சதவீத குளோரின் உள்ள குருணை. சயனூரிக் அமிலம் இல்லை என்பதால் டிசிசிஏவின் நோய்க்கு இதுவே மருந்து என்று சிலர் மாறுவார்கள். இது 10 பிபிஎம் குளோரினுக்கு 7 பிபிஎம் கால்சியம் கடினத்தன்மை சேர்க்கும். மாதம் 90 பிபிஎம் குளோரினுக்கு 63. போர் தண்ணீரின் 75-ஐயும் சேர்த்தால் ஏறக்குறைய 140. 600-இல் தொடங்கிய குளம் மூன்று மாதத்தில் ஆயிரத்தைத் தொடும். டைல்ஸில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு, ஃபில்டர் மணல் கட்டி தட்டுவது, குழாய் வாயில் உப்புப் பூத்தது போல் படிவு, கையால் தேய்த்தால் போகாத சொரசொரப்பு என்று வரிசையாக வரும். மென்னீர் கிடைக்கும் இடத்தில், மழைநீரைச் சேமித்து நிரப்பும் வீட்டில் இது அருமையான குளோரின். சிமென்ட் பூச்சுள்ள குளத்துக்குக் கொஞ்சம் கால்சியம் வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பூச்சிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். கடினமான போர் தண்ணீருக்கு மட்டும் வேண்டாம்.

ப்ளீச்சிங் பவுடர் இதன் ஏழைத் தம்பி. 30 முதல் 35 சதவீத குளோரின், மீதி பெரும்பாலும் கரையாத சுண்ணாம்பு. நேராகக் கொட்டினால் குளம் மோர் போலக் கலங்கும். பக்கெட்டில் கரைத்து, படிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். திறந்த பை மழைக்காலக் காற்றில் சில வாரத்தில் வீரியம் இழக்கும். கிணற்றுக்குச் சரி, குளத்துக்குக் கடைசிப் புகலிடம்.

ஹைப்போ: தினசரிக்கு இதுவே என் முதல் தேர்வு

சோடியம் ஹைப்போகுளோரைட் 35 கிலோ அல்லது 50 கிலோ நீல, கறுப்பு கேன்களில் வருகிறது. 10 முதல் 12 சதவீதம் என்பார்கள். இது விட்டுச்செல்வது உப்பு மட்டுமே: 10 பிபிஎம் குளோரினுக்கு 16 பிபிஎம் சொச்சம். மாதம் 90 பிபிஎம் போட்டால் 150 பிபிஎம் உப்பு. ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும் 1,800. உப்புக் குளோரினேட்டர் வைத்த குளங்களில் வேண்டுமென்றே 3,000-க்கு மேல் போடுகிறார்கள். ஆக மூன்று எச்சங்களில் குளத்தை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்வது இதுதான். விலையிலும் மலிவு. விலையை ஒப்பிடும்போது கேன் விலையைப் பார்க்காமல் குளோரின் விலையைப் பாருங்கள்: 35 கிலோ கேனில் 10 சதவீதம் என்றால் குளோரின் 3.5 கிலோ, 50 கிலோ டிசிசிஏ டிரம்மில் 45 கிலோ. இரண்டு விலையையும் இந்த எண்களால் வகுத்துப் பாருங்கள்.

ஹைப்போ ஊற்றினால் பிஎச் ஏறும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஊற்றியதும் ஏறுவது உண்மை. குளோரின் செலவாகும்போது அமிலம் உண்டாகி, அந்த ஏற்றம் ஏறக்குறைய முழுதும் இறங்கிவிடும். ஊற்றிய அரை மணியில் அளந்து பயப்படாமல் மறுநாள் அளந்து பாருங்கள்.

இதன் உண்மையான குறை, கெட்டுப்போவது. வெயிலும் வெப்பமும் ஹைப்போவைத் தின்னும். அடர்த்தி கூடக் கூடச் சிதைவும் வேகமாகும். தகரக் கூரைக்குக் கீழ் மே மாதம் கிடந்த கேனில் பத்து சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது. பல நேரம் கடையிலிருந்து வரும்போதே ஆறோ ஏழோதான் இருக்கும். ஆகவே நம் குளத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு கேனுக்கு மேல் வாங்காதீர்கள். நிழலில் வையுங்கள். வந்தவுடன் இன்னொரு கேனில் சம அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்கி வைத்தால் சிதையும் வேகம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மூடியை இறுக்கி அடைக்க வேண்டாம். ஆக்சிஜன் கிளம்பிக் கேன் உப்பும். காற்றுத் துளையுள்ள மூடிதான் சரி. துரு, செம்புக் கம்பி, பித்தளைக் குழாய் எதுவும் உள்ளே படக் கூடாது, அவை சிதைவைத் தூண்டும்.

வீரியத்தைப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஒரு 20 லிட்டர் வாட்டர் கேன் தண்ணீரைச் சுத்தமான பக்கெட்டில் ஊற்றி, ஊசி போடாத சிரிஞ்சில் அரை மில்லி ஹைப்போவை எடுத்து அதில் கலக்குங்கள். கிட்டில் 2.5 பிபிஎம் வந்தால் ஹைப்போ 10 சதவீதம். 1.5 வந்தால் 6 சதவீதம். அதற்கேற்ப ஊற்றும் அளவைக் கூட்டுங்கள். போர் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதிலுள்ள இரும்பே குளோரினைக் குடித்துவிடும். (இரும்புள்ள போர் தண்ணீரால் புதிதாக நிரப்பிய குளத்தில் ஹைப்போ ஊற்றியதும் தண்ணீர் டிக்காஷன் நிறமாவதும் இதனால்தான். குளம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இரும்பு துருவாகி வெளியே வருகிறது, ஃபில்டரில் நிற்கும்.)

கையால் ஊற்றுவதானால் சூரியன் இறங்கிய பிறகு, பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய்க்கு எதிரே மெல்ல ஊற்றுங்கள். தினம் 1.35 லிட்டர். தினமும் ஆள் இல்லையென்றால், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே செலுத்தும் டோசிங் பம்ப். மேலே சொன்ன பாதியாக்கிய கரைசல் என்றால் நாளுக்கு 2.7 லிட்டர். குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பெரிய பம்ப் ஆறு மணி நேரம் ஓடினால் மணிக்கு 450 மில்லி, ஆக மணிக்கு 1 லிட்டர் திறனுள்ள சிறிய டோசிங் பம்ப் போதும். இதில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். கரைசலைப் போர் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்பு படிந்து செலுத்தும் முனை இரண்டே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ தண்ணீரில் கலக்குங்கள். அடுத்து, ஹைப்போவிலிருந்து கிளம்பும் வாயு டயாஃப்ரம் பம்பின் தலையில் தேங்கினால் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும், ஒரு சொட்டும் போகாது. டியூபை நசுக்கித் தள்ளும் வகைப் பம்பில் இந்தத் தொல்லை குறைவு. மூன்றாவதுதான் ஆபத்தானது: பெரிய பம்ப் நின்ற பிறகும் டோசிங் ஓடினால் குழாயில் கெட்டிக் குளோரின் தேங்கும். ஆசிட் டோசிங்கும் வைத்திருந்தால் இரண்டும் குழாய்க்குள்ளேயே சந்தித்து குளோரின் வாயுவாகிவிடும். பம்ப் மறுபடி ஓடியதும் அது குளிப்பவர் முகத்துக்கு நேராக வரும். பெரிய பம்ப் ஓடினால் மட்டுமே டோசிங்குக்கு மின்சாரம் போகும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வயரிங் செய்யுங்கள், தண்ணீர் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

ஹைப்போவில் ஸ்டெபிலைசர் இல்லை, ஒருமுறை தனியாகப் போட வேண்டும். 40 பிபிஎம்முக்கு 1.8 கிலோ சயனூரிக் அமிலம். பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் திரும்பும் வாய்க்கு முன்னால் தொங்க விடுங்கள், மெதுவாகத்தான் கரையும். கடையில் தனியாகக் கிடைக்கவில்லையா? முதல் மூன்று வாரம் டிசிசிஏவையே போடுங்கள். மொத்தம் 3.3 கிலோ போனதும் அமிலம் 40-ஐத் தொட்டிருக்கும். அன்றே டிசிசிஏவை நிறுத்தி ஹைப்போவுக்கு மாறுங்கள். டிசிசிஏவின் கெட்ட குணத்தை நல்லதாகப் பயன்படுத்தும் ஒரே தருணம் இது.

உப்புக் குளோரினேட்டர்

குளோரின் இல்லாத குளம் என்று விற்கிறார்கள். அது குளத்திலேயே குளோரின் தயாரிக்கும் கருவி. 3,000 முதல் 4,000 பிபிஎம் உப்புள்ள தண்ணீர் டைட்டானியம் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது மின்சாரம் குளோரினைப் பிரிக்கும். கடல் நீரில் உப்பு 35,000 பிபிஎம், ஆக வாயில் கரிப்பு லேசாகத்தான் தெரியும். நம் குளத்துக்கு அயோடின் சேர்க்காத உப்பு மூன்று 50 கிலோ மூட்டை. நாளுக்கு 135 கிராம் வேண்டும், பம்ப் எட்டு மணி ஓடும் என்றால் மணிக்கு 17 கிராம். கருவியை எப்போதும் முழு வேகத்தில் ஓட்டினால் தகட்டின் ஆயுள் குறையும். 25 அல்லது 30 கிராம் திறன் எடுங்கள். குளத்தின் கொள்ளளவைச் சொல்லி அதற்குரிய மாடல் என்று விற்பவர்கள் பெரும்பாலும் நம் வெயிலைக் கணக்கில் வைப்பதில்லை.

மென்னீர் வசதி இருந்தால் இது அருமையான முறை: குளோரின் நாள் முழுக்கச் சீராக வரும், கேன் தூக்கும் வேலை இல்லை. கடினமான போர் தண்ணீரில் தகடுகளில் சுண்ணாம்பு பொருக்குத் தட்டும். மின்துருவம் மாறித் தானே சுத்தம் செய்யும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட் விட்டு, நுரைப்பது நிற்கும்வரை ஐந்து பத்து நிமிடம் ஊற வைத்துக் கழுவலாம், ஆனால் ஒவ்வொரு கழுவலும் தகட்டின் பூச்சைக் கொஞ்சம் தின்னும். பிஎச் எப்போதும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். தகட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை விரட்டுவதால் அப்படி. காரத்தன்மையை (பிஎச் அல்ல, பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் கார உப்புகளின் அளவு) 60, 70 பிபிஎம்முக்கு இறக்கி வைத்தால் இந்த ஏற்றம் மட்டுப்படும். மூன்று முதல் ஐந்து ஆண்டில் தகடு மாற்ற வேண்டிவரும், அது கருவியின் விலையில் பெரிய பங்கு. இதையும் முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

குளத்தைச் சுற்றிக் கடப்பா அல்லது கோட்டா கல் பதித்திருந்தால் உப்புத் தண்ணீர் தெறித்து உலர்ந்து கல் செதில் செதிலாக உரியும். ஏணி 304 ரக ஸ்டீல் என்றால் துருப் புள்ளி வரும், 316 வேண்டும். பேக்வாஷ் தண்ணீரைத் தென்னை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், வாழை பொறுக்காது. அதைவிட, அந்த உப்பு உங்கள் போருக்கே திரும்பி வரும்.

குளோரினே வேண்டாம் என்று புறஊதா விளக்கும், ஓசோனும், செம்பு அயனியும் விற்கிறார்கள். முதல் இரண்டும் குழாய்க்குள் வரும் தண்ணீரை மட்டுமே சுத்தம் செய்யும், குளத்தில் நிற்கும் தண்ணீரில் எதையும் விட்டு வைக்காது. செம்பு பாசியை அடக்கும், கிருமியைக் கொல்வதில் மந்தம். வெள்ளைத் தலைமுடியைப் பச்சையாக்குவதும் செம்புதான், குளோரின் இல்லை. 2024-இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் சிறுவர்கள் இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீர்தான் அந்த அமீபாவுக்குப் பிடித்த இடம், நம் கோடைக் குளங்கள் அப்படித்தான் இருக்கும். குளோரின் எப்போதும் நிற்கும் குளத்தில் அது பிழைக்காது.

அளப்பதும் கலப்பதும்

மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினும் அதில் அடக்கம். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை அடிப்பது அந்தச் செத்த குளோரினால்தான், நல்ல குளத்தில் வாடை தெரியாது. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள், தனிக் குளோரினைப் பிரித்துக் காட்டும். ஒரு பொறி: குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் டிபிடி நிறமே வெளுத்து, குளோரின் இல்லை என்பது போல் தெரியும். சந்தேகம் வந்தால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்து மறுபடி அளந்து இரண்டால் பெருக்குங்கள். சயனூரிக் அமிலத்துக்குத் தனிச் சோதனை உண்டு, தண்ணீர் கலங்கி அடியில் உள்ள கறுப்புப் புள்ளி மறையும்வரை ஊற்றும் குழாய். மாதம் ஒருமுறை போதும். பலரிடம் இல்லாத கிட் இதுதான், பச்சைக் குளங்களில் பாதிக்கு விடை இருப்பதும் இதில்தான்.

பாசி வந்துவிட்டால், சயனூரிக் அமிலம் 40 உள்ள குளத்தில் குளோரினை 16 பிபிஎம்முக்கு ஏற்றி அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். முதல் ஊற்றில் 10 சதவீத ஹைப்போ 7 லிட்டர் சொச்சம். சுவரைப் பிரஷால் தேய்த்து, பம்பை நிறுத்தாமல் ஓட்டி, இரவில் அளந்ததற்கும் விடியுமுன் அளந்ததற்கும் வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள் வரும்வரை தொடருங்கள். இரவில் வெயில் இல்லை, குறைந்தால் பாசி இன்னும் தின்கிறது என்று பொருள். குளோரின் இயல்பு அளவுக்கு இறங்கும்வரை யாரும் இறங்க வேண்டாம்.

முறை மாற்றும்போதுதான் விபத்துகள் நடக்கின்றன. டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும், அல்லது ப்ளீச்சிங் பவுடரும், உலர்ந்தோ ஈரமாகவோ ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே கரண்டி, ஒரே பக்கெட், பழைய டேப்லெட் மிதவையில் புதுக் குருணை, எல்லாமே ஆபத்து. ஆசிட் எந்தக் குளோரினோடும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. எப்போதும் மருந்தைத் தண்ணீரில் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பம்ப் அறையில் டிரம்மை அடுக்கினால் மின் பெட்டியின் முனைகள் ஆறே மாதத்தில் பச்சை பூத்து அரித்துப்போகும். தனியாக, காற்றோட்டமுள்ள, நிழலான இடம் தேவை.

ஆக எதை எடுப்பது? கடினமான போர் தண்ணீர், திறந்தவெளிக் குளம் என்றால் ஹைப்போ, முடிந்தால் டோசிங் பம்புடன். ஊருக்குப் போகும் பத்து நாளுக்கு மட்டும் மிதவையில் டிசிசிஏ. மென்னீர் இருந்து, தினமும் குளிக்கும் வீடு என்றால் உப்புக் கருவி. ஹைப்போ கேன் வந்து சேராத மலைப் பகுதியில், மழைநீரால் நிரப்பும் குளத்துக்குக் கால்சியம் ஹைப்போகுளோரைட். டிசிசிஏ மட்டுமே நம்பித்தான் ஆக வேண்டுமென்றால், ஆண்டுக்கு இருமுறையாவது குளத்தில் பெரும்பங்கு தண்ணீரை மாற்றும் செலவையும் சேர்த்து விலை பாருங்கள்.

ஏற்கெனவே 150-இல் நிற்கும் குளத்தை 40-க்கு இறக்க ஒரே மூச்சில் 33,000 லிட்டர் மாற்ற வேண்டும். 12,000 லிட்டர் லாரி மூன்று. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது குளத்தைக் காலி செய்யாதீர்கள். கீழிருந்து தள்ளும் தண்ணீர் தரையை வெடிக்க வைக்கும், ஃபைபர் குளம் என்றால் தொட்டியே மேலே கிளம்பும். மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று தவணையாக மாற்றினால் 44-க்கு வந்து சேரும், தண்ணீர் 45,000 லிட்டர் பிடிக்கும்.

அந்தத் தண்ணீரை மழையிடமே வாங்கலாம். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆகவே மாடிக் குழாய் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். அதில் கடினத்தன்மையும் இல்லை, சயனூரிக் அமிலமும் இல்லை. முதல் மழையில் மாடியைக் கழுவி விட்டுவிடுங்கள். அடுத்த மழை அறிவிப்பு வந்ததும் குளத்தில் 30 சென்டிமீட்டர் இறக்குங்கள், அது 9,600 லிட்டர். பிறகு குழாயை ஒரு வலை வழியே குளத்துக்குத் திருப்புங்கள். மழைநீர் காரத்தன்மையையும் நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் அளந்து, குறையும் ஒவ்வொரு 10 பிபிஎம்முக்கும் ஆப்ப சோடா முக்கால் கிலோ போடுங்கள்.